ஓட்டிப் பாத்துட்டு வாங்கம்மா

டெக்னிக்கல் ரைட்டர் வேலைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். விண்டோஸ் படிக்கவா, மேக் வாங்கவா, லினக்ஸ் கற்றுக்கொள்ளவா? இதைக் கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள். மீதிப் பேர் என்ஜினியரிங் முடித்துவிட்டு கோடு எழுத மனமில்லாதவர்கள். இரு தரப்புக்கும் உள்ளூர ஒரே எண்ணம்தான். சரியான ஒன்றைப் பார்த்துப் படித்துவிட்டால் பிறகு கவலையில்லை. அந்தக் காலத்தில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர்கள் அப்படித்தான் நிம்மதியாக இருந்தார்கள்.

இந்தத் தொழிலில் அந்த நிம்மதி கிடையாது. நான் 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து எம்.ஏ. ஆங்கிலம் முடித்துக்கொண்டு சென்னைக்கு வந்தபோது எதைப் படிக்கச் சொன்னார்களோ, அதில் பாதி இன்றைய கம்ப்யூட்டரில் திறக்காது.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மென்பொருளையோ கருவியையோ எப்படி நிறுவுவது, எப்படிப் பயன்படுத்துவது, கோளாறு வந்தால் என்ன செய்வது என்று எழுதுகிறவர் டெக்னிக்கல் ரைட்டர். யூசர் மேனுவல், திரையில் வரும் ஹெல்ப், இப்போது ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழியான ஏபிஐக்கு ஆவணம், எல்லாம் அவர் கைவேலை. பெயர் எங்கும் அச்சாகாது.

அன்று வடபழனிப் பக்கம் ஒரு மாடிப்படி ஏறினால் பயிற்சி நிலையம். அங்கே இரண்டு பெயர்கள்தான் வேதம். ஒன்று ரோபோஹெல்ப். மற்றது ஃபிரேம்மேக்கர். முன்னது விண்டோஸில் எஃப்1 அழுத்தினால் திறக்கும் ஹெல்ப் கோப்பைத் தயாரிக்க. பின்னது தடிமனான அச்சுப் புத்தகத்துக்கு. இரண்டையும் ரெஸ்யூமேயில் போட முடிந்தால் கிண்டியில் வேலை என்பது அப்போதைய கணக்கு.

விண்டோஸ் ஹெல்ப் எப்படித் தயாரானது என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். 1990-இல் விண்டோஸ் 3.0-உடன் வந்த முறை அது. வேர்டில் ஆர்டிஎஃப் கோப்பாக எழுதவேண்டும். ஒவ்வொரு தலைப்பும் தனிப் பக்கம். பக்கத்தின் தொடக்கத்தில் அடிக்குறிப்புகள் வரிசையாக நிற்கும்: # போட்டால் அந்தத் தலைப்பின் அடையாளம், $ போட்டால் அதன் பெயர், ஆங்கில 'கே' போட்டால் தேடு சொற்கள். ஒரு சொல்லைச் சொடுக்கினால் வேறு பக்கத்துக்குத் தாவவேண்டுமா? அந்தச் சொல்லுக்கு இரட்டை அடிக்கோடு. அதையொட்டி, இடைவெளி விடாமல், போய்ச்சேர வேண்டிய தலைப்பின் அடையாளத்தை மறைவெழுத்தாக அடிக்கவேண்டும். மறைவெழுத்து திரையில் தெரியாமல் வைத்துக்கொண்டு திருத்தினால், கண்ணுக்குப் படாத அடையாளத்தில் ஒரு எழுத்து அழிந்துவிடும். கம்பைல் செய்து சொடுக்கிப் பார்க்கும்வரை தெரியாது. ரோபோஹெல்ப் வேர்டின் மேல் ஏறி உட்கார்ந்து இந்தச் சில்லறை வேலைகளை நமக்காகச் செய்தது. ஆனால் இணைப்பு செத்துவிட்டால் அடிக்குறிப்பைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்தான் பிழைப்பார். கருவியின் அடியில் என்ன ஓடுகிறது என்று தெரிந்தவருக்கும் பொத்தான் மட்டும் தெரிந்தவருக்கும் உள்ள இடைவெளியை நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

1997-இல் மைக்ரோசாஃப்ட் ஹெச்.டி.எம்.எல். ஹெல்ப் கொண்டுவந்தது. விண்டோஸ் விஸ்டாவில் பழைய ஹெல்ப்பைத் திறக்கும் நிரலையே சேர்க்கவில்லை. # உம் $ உம் போட்டு எழுதிய பக்கங்களுக்கு அதோடு திவசம் முடிந்தது.

ஃபிரேம்மேக்கர் கதை இன்னும் விசேஷம். 1986-இல் தொடங்கிய ஃபிரேம் டெக்னாலஜி என்ற நிறுவனம் சன் வொர்க்ஸ்டேஷனுக்காகச் செய்தது அது. யூனிக்ஸ் குழந்தை. பிறகு மேக்குக்கும் விண்டோஸுக்கும் வந்தது. 1995-இல் அடோபி வாங்கியது. 2004-இல் மேக் பதிப்பை நிறுத்தினார்கள். 2009-இல் ஒன்பதாம் பதிப்பு வந்தபோது சன்னின் யூனிக்ஸான சோலாரிஸையும் கைவிட்டார்கள். பிறந்த வீட்டில் இடமில்லாமல் விண்டோஸோடு தங்கிவிட்டது. மேக்கில் ஃபிரேம்மேக்கர் பழகி, அதுவே தன் கோட்டை என்று இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் அப்படி யாரையும் நான் பார்த்ததில்லை. நமக்கு மேக் என்பதே அப்போது விளம்பரக் கம்பெனிகளில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் பொருள்.

இருந்தாலும் ஃபிரேம்மேக்கரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லாமல் போகக்கூடாது. நான் சேர்ந்த கம்பெனி நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மென்பொருள் செய்தது. அது சோலாரிஸிலும் விண்டோஸ் என்.டி.யிலும் ஓடும். ஆகவே நிறுவும் முறைக்கு இரண்டு கையேடுகள் வேண்டும். முக்கால்வாசி விஷயம் இரண்டுக்கும் பொது. ஃபிரேம்மேக்கரில் என்.டி.க்கான படிகளுக்கு ஒரு நிபந்தனை, சோலாரிஸுக்கான படிகளுக்கு இன்னொரு நிபந்தனை என்று ஒட்டிவைப்போம். திரையில் என்.டி. நீல எழுத்தில் தெரியும், சோலாரிஸ் சிவப்பில், பொது விஷயம் கறுப்பில். நீலத்தை மறைத்து அச்சிட்டால் ஒரு புத்தகம், சிவப்பை மறைத்தால் மறு புத்தகம். ஒரே கோப்பு. ஒரு இயங்குதளம் எங்கே இன்னொன்றிலிருந்து பிரிகிறது என்பதை வண்ணத்தில் பார்த்துப் பழகிய தலைமுறை நாங்கள். எந்தப் புத்தகமும் அவ்வளவு தெளிவாக அதைச் சொல்லித் தந்திருக்காது.

சிவப்பு எழுத்தில்தான் எனக்குச் சிக்கல் வந்தது. எழுத்தாளர்கள் எல்லோர் மேசையிலும் என்.டி. இயந்திரம். என்ஜினியர்கள் மேசையில் சன். விசைப்பலகையின் இடப்பக்கம் ஸ்டாப், அகெய்ன், ப்ராப்ஸ் என்று தனியே ஒரு கட்டு விசைகள். மூன்று பொத்தான் மவுஸ். அந்தப் பக்கம் போனாலே வெளியூர் வந்த மாதிரி இருக்கும். ஸ்பெக் என்று ஒரு வேர்டு கோப்பைக் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்து எழுதுவது, சந்தேகம் வந்தால் மின்னஞ்சல் அனுப்புவது, பதில் வராவிட்டால் நினைவூட்டல் அனுப்புவது. அப்படித்தான் வேலை நடந்தது, அல்லது நடக்காமல் இருந்தது.

மூத்த என்ஜினியர் ஒருவர். கும்பகோணத்துக்காரர். மின்னஞ்சலுக்குப் பதில் போடும் வழக்கமே கிடையாது. நேரில் போய் நின்றேன்.

"சார், இந்த ஆப்ஷன் எதுக்குன்னு ஸ்பெக்ல இல்லையே?"

"ஓட்டிப் பாத்தீங்களாம்மா?"

"என் மெஷின் என்.டி. சார். அதுல ஓடாது."

"அப்ப ஓட்டிப் பாத்துட்டு வாங்கம்மா. நான் எங்க போகப்போறேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். என் மேலாளரிடம் பேசி, ஒரு சோதனை இயந்திரத்தில் டெல்நெட் வழியாக நுழைய ஒரு கணக்கு வாங்கிக்கொண்டேன். இப்போது நினைத்தால் அது ஒன்றும் பெரிய படிப்பு இல்லை. எந்த டைரக்டரியில் இருக்கிறோம் என்று பார்ப்பது, கோப்புகளைப் பட்டியலிடுவது, கிரெப் போட்டு ஒரு சொல்லைத் தேடுவது, விஐ எடிட்டரைத் திறந்தால் வெளியே வருவது. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம்.

அந்த மென்பொருளின் அமைப்புக் கோப்பைத் திறந்தபோது என்ஜினியர்கள் தங்களுக்காக எழுதிவைத்திருந்த குறிப்புகள் இருந்தன. மின்னஞ்சலில் நான் கெஞ்சிக்கொண்டிருந்த பதில்களில் பாதி அங்கே கிடந்தது. மறுபடியும் அவரிடம் போனேன். "சார், டைம்அவுட் 30 விநாடின்னு ஸ்பெக்ல இருக்கு. கோப்புல 60 இருக்கு. ஓட்டிப் பாத்தா 60-தான் நிக்குது. எதை எழுதட்டும்?" அவர் நாற்காலியைத் திருப்பினார். ஸ்பெக் பழசு என்றார். வேறு எதெல்லாம் பழசு என்றேன். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். சாப்பாட்டு நேரம் தாண்டிப் பேசினோம்.

என்னிடம் வந்து கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த நாற்காலியைத்தான். இந்த வேலையில் எழுதுவது கால்பங்கு. விஷயத்தை வாங்குவது முக்கால்பங்கு. ஆகவே எழுதும் கருவி எதில் ஓடுகிறது என்று பார்த்துப் படிக்காதீர்கள். விஷயம் தெரிந்தவர் எதில் உட்கார்ந்திருக்கிறாரோ அதை ஆழமாகப் படியுங்கள். வாசகர் எதில் உட்கார்ந்திருக்கிறாரோ அதைத் தேவையான அளவு படியுங்கள். கருவியைக் கம்பெனி கொடுக்கும், கம்பெனியே மாற்றும். ரோபோஹெல்ப் ப்ளூ ஸ்கை என்ற நிறுவனத்தில் பிறந்து, அந்த நிறுவனம் இஹெல்ப் என்று பெயர் மாற்றி, 2003-இல் மேக்ரோமீடியா கைக்கும், 2005-இல் அதோடு சேர்ந்து அடோபி கைக்கும் போனது. இடையில் வெளியேறிய சிலர் மேட்கேப் தொடங்கி 2006-இல் ஃப்ளேர் கொண்டுவந்தார்கள். ஐபிஎம் உருவாக்கிய டிட்டா என்ற ஆவண முறை 2005-இல் தரமாக ஏற்கப்பட்டதும் எல்லோரும் எக்ஸ்எம்எல் பக்கம் ஓடினார்கள். பிறகு எளிய குறிகளோடு எழுதும் மார்க்டவுன், மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட். ஒவ்வொன்றையும் வேலையில் இருந்துகொண்டே கற்றோம். எதற்கும் நான் வேலையை விட்டுவிட்டு வகுப்புக்குப் போகவில்லை.

யூனிக்ஸ் பக்கம் கற்றது மட்டும் வீணாகவே இல்லை. சன் போனது, லினக்ஸ் வந்தது. கிரெப் கிரெப்பாகவே இருந்தது.

லினக்ஸ் பழக அப்போது எனக்குப் பெரிய துணை சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் கூட்டங்கள். ஐ.ஐ.டி.யில், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை. மான் குறுக்கே ஓடும் சாலையில் நடந்துபோய், பாதி புரிந்தும் பாதி புரியாமலும் உட்கார்ந்திருப்பேன். அங்கே யாரும் என்ன படித்தாய் என்று கேட்கவில்லை. இன்று இந்த வழிக்கு வருகிறவர்களுக்கு இன்னும் வசதி. 2012 முதல் கணியம் என்ற இணைய இதழ் தமிழிலேயே லினக்ஸ் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறது.

யூனிக்ஸ் இன்னொன்றும் கற்றுத்தந்தது: ஒவ்வொரு கட்டளைக்கும் உள்ள கையேடான மேன் பக்கங்கள். பெயர், கட்டளையின் வடிவம், விளக்கம் என்று ஒரே வரிசை. ஒரு சொல் மிகாது. விண்டோஸ் ஹெல்ப் எழுதிப் பழகியவர் ஒவ்வொரு பத்தியிலும் வாசகரின் கையைப் பிடித்து அழைத்துப்போவார். மேன் பக்கத்தில் அதற்கு இடமில்லை. அதை ட்ராஃப் என்ற பழைய முறையில் எழுதவேண்டும், புள்ளியில் தொடங்கும் வரிகளெல்லாம் அதற்குக் கட்டளை. 'டாட் ப்ரொஃபைல்' என்று ஒரு கோப்பு உண்டு. அதன் பெயரே புள்ளியில்தான் தொடங்கும். அந்தப் பெயர் தற்செயலாக ஒரு வரியின் தொடக்கத்தில் விழுந்துவிட்டால், ட்ராஃப் அதைத் தெரியாத கட்டளை என்று நினைத்து அந்த வரியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். பிழைச் செய்தி வராது. பக்கம் அழகாக வரும், ஒரு வாக்கியம் மட்டும் இருக்காது. வரியின் முன்னால் ஒரு பின்சாய்கோடும் & குறியும் போட்டால் தீர்ந்தது. ஆனால் அது தெரிய, தயாரான பக்கத்தை முனையத்தில் திறந்து வரிக்கு வரி படித்திருக்கவேண்டும்.

இதே வகை வம்பு இப்போது வேறு உடையில் வருகிறது. இன்று பல கம்பெனிகளில் ஆவணமும் கோடு மாதிரிதான்: மார்க்டவுனில் எழுதி, கிட்டில் சேர்த்து, லினக்ஸ் சர்வர் ஒன்று அதை வலைப்பக்கமாக்கும். புதிதாக வந்த ரைட்டர் ஒரு திரைப்படத்தைச் சேர்க்கிறார். சினிமா இல்லை, ஸ்க்ரீன்ஷாட். கோப்பின் பெயரில் முதல் எழுத்து பெரிய எழுத்து. பக்கத்தில் குறிப்பிட்டது சின்ன எழுத்து. அவர் விண்டோஸில் படம் ஜம்மென்று தெரிகிறது. பக்கத்து இருக்கைத் தோழியின் மேக்கிலும் தெரிகிறது, ஏனென்றால் மேக்கும் வாங்கிவந்தபடியே விட்டால் பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காது. லினக்ஸ் பார்க்கும். வெளியிட்ட பக்கத்தில் படம் இருக்கவேண்டிய இடத்தில் உடைந்த சட்டம். "என் மெஷின்ல தெரியுதே அக்கா" என்று கண்கலங்கி நிற்பார்கள். வரிமுடிவிலும் இதே தகராறு. விண்டோஸ் ஒவ்வொரு வரியையும் இரண்டு மறைகுறிகளால் முடிக்கும், லினக்ஸ் ஒன்றால். கிட்டில் அந்த அமைப்பைச் சரிசெய்யாவிட்டால், ஒரு சொல்லைத் திருத்தி அனுப்பிய கோப்பு முழுவதும் மாறியதாக என்ஜினியருக்குத் தெரியும். "ஒரு வார்த்தை மாத்தினேன்னு சொன்னீங்க, முழு ஃபைலும் சிவப்பா இருக்கே?" என்று ஒரு முறை கேட்டுவிட்டால் அடுத்த முறை அவர் நம் திருத்தத்தைப் படிக்கவே மாட்டார்.

அப்படியானால் விண்டோஸ் வேண்டாமா? வேண்டும், வாசகருக்காக. ஏபிஐ ஆவணத்தில் எல்லோரும் கர்ல் கட்டளை ஒன்றை மாதிரியாகக் கொடுப்பார்கள். எழுதியவர் லினக்ஸிலோ மேக்கிலோ ஓட்டிப் பார்த்திருப்பார். அதில் அனுப்பவேண்டிய ஜேசன் தரவைச் சுற்றி ஒற்றை மேற்கோள் இருக்கும், உள்ளே இரட்டை மேற்கோள்கள். அதைப் பிரதியெடுத்து விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஒட்டிப் பாருங்கள். அதற்கு ஒற்றை மேற்கோள் ஒரு மேற்கோளே இல்லை, வெறும் எழுத்து. தரவு கந்தலாகப் போய்ச்சேரும், சர்வர் தவறான ஜேசன் என்று திட்டும். வெளியே இரட்டை மேற்கோள் போட்டு, உள்ளே இருப்பவை ஒவ்வொன்றுக்கும் முன்னால் பின்சாய்கோடு போடவேண்டும். நீளமான கட்டளையை அடுத்த வரிக்குக் கொண்டுபோக லினக்ஸில் பின்சாய்கோடு, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ^ குறி, பவர்ஷெல்லில் பின்மேற்கோள். விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில் இன்னொரு கூத்து: கர்ல் என்று அடித்தால் கர்ல் ஓடாது, அதே பெயரை வைத்துக்கொண்டு வேறொரு கட்டளை ஓடும். 2018 முதல் விண்டோஸ் 10-இல் உண்மையான கர்லும் உண்டு, ஆனால் பெயரோடு 'டாட் இஎக்ஸ்இ' என்று சேர்த்துக் கூப்பிட்டால்தான் வரும். வங்கிகளில், அரசு அலுவலகங்களில் நம் ஏபிஐயைப் பயன்படுத்துகிறவர் பெரும்பாலும் விண்டோஸ் முன்தான் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஆவணத்தில் மூன்று வடிவத்தையும் தனித்தனித் தாவலில் கொடுத்த பிறகு அந்த ஒரு பக்கத்தைப் பற்றிய புகார்கள் நின்றன.

மேக் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐஃபோன், ஐபேட் மென்பொருள் உருவாக்குகிறவர்களுக்காக எழுதுவதென்றால் அது கட்டாயம், எக்ஸ்கோடு வேறெங்கும் ஓடாது. மற்றபடி அதன் அடியில் இருப்பதும் யூனிக்ஸ்தான், முனையம் ஏறக்குறைய ஒன்றுதான். ஃபிரேம்மேக்கரும் ஃப்ளேரும் அதில் நேரடியாக ஓடாது. அழகான பொருள். முதல் வேலை தேடுகிறவர் அப்பாவைக் கடன் வாங்கவைத்து வாங்கவேண்டிய பொருள் அல்ல.

இதை என் அக்கா மகளிடம் சொன்னபோது, "சித்தி, அப்ப என் பழைய லேப்டாப்பே போதுமா?" என்றாள். பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த லேப்டாப். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த இயந்திரங்களில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. திறக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். அவள் வகுப்பில் எல்லோரும் முதல் நாளே விண்டோஸைத் தேர்ந்தெடுத்தார்கள், பிறகு அந்தக் கேள்வி வருவதையே மறந்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் கட்டிலுக்கடியில் ஒரு லினக்ஸ் இயந்திரம் தூங்கிக்கொண்டிருந்தது என்பது என் பழைய ஆதங்கம். அந்த லேப்டாப் இப்போது மெதுவாகத்தான் ஓடுகிறது, ஆனால் கிரெப் பழக அது போதும். ஃப்ளேர், ஆக்ஸிஜன் எக்ஸ்எம்எல் போன்ற எழுதும் கருவிகளை 30 நாள் இலவசமாகத் தருகிறார்கள். நேர்முகத்துக்கு முந்தைய மாதம் இறக்கிப் பார்த்துக்கொண்டால் சரி. அதற்கு மட்டும், பயிற்சி நிலையத்துக்குக் கட்டவிருந்த பணத்தை மிச்சம் பிடித்து ரிச்சி தெருவில் ஒரு நல்ல பழைய லேப்டாப் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

இப்போதெல்லாம் ஏ.ஐ.யே எழுதித் தருகிறதே என்றும் கேட்டாள். தருகிறது, நன்றாகவே தருகிறது. நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் அது தந்த கட்டளை எங்கள் தயாரிப்பின் இந்தப் பதிப்பில், வாடிக்கையாளர் வைத்திருக்கும் அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுகிறதா என்று யாராவது பார்த்துப் பொறுப்பேற்க வேண்டும். எங்கள் குழுவில் அது ரைட்டர் வேலை.

ஆளெடுக்கும்போது நான் இலக்கணத் தேர்வு வைப்பதை விட்டு ரொம்ப நாளாயிற்று. ஒரு லினக்ஸ் லேப்டாப்பைக் கொடுத்து, சின்ன மென்பொருள் ஒன்றை நிறுவி, நிறுவும் முறையை ஒரு பக்கத்தில் எழுதச் சொல்வேன். அதோடு என்ஜினியர் எழுதிய அரைகுறைக் குறிப்பு ஒன்று இருக்கும். இணையம் பார்க்கலாம், ஏ.ஐ.யைக் கேட்கலாம், என்னையும் கேட்கலாம். அந்த லேப்டாப்பில் வேறொரு நிரல் 8080 போர்ட்டை ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கும், ஆகவே நிறுவிய மென்பொருள் எழுந்திருக்காது. பலர் குறிப்பையே நல்ல ஆங்கிலத்தில் திருப்பி எழுதித் தருவார்கள், ஓட்டாமலே. சிலர் ஓட்டிப் பார்த்து, பிழை வந்ததும் லேப்டாப் கெட்டுவிட்டது என்று எழுந்துவருவார்கள்.

போன வருடம் ஒரு பையன். மதுரைப் பக்கம், பி.ஏ. வரலாறு. முனையத்தில் அவ்வளவு வேகமில்லை, ஒவ்வொரு கட்டளையையும் உதடசைத்துப் படித்துவிட்டுத்தான் அடித்தான். பிழை வந்ததும் அதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டான். எந்த நிரல் போர்ட்டைப் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிக்க நேரமாயிற்று. அவன் கொடுத்த பக்கத்தில் முதல் படிக்கும் முன்னால் ஒரு பத்தி இருந்தது: 8080 போர்ட் காலியாக இருக்கிறதா என்று இந்தக் கட்டளையால் பாருங்கள், இல்லாவிட்டால் அமைப்புக் கோப்பில் இந்த வரியை மாற்றுங்கள். ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் 'தி' விட்டுப்போயிருந்தது. அது நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.

சேர்ந்த அன்று ஐ.டி. பிரிவில் எந்த லேப்டாப் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். விண்டோஸ் என்றானாம். உள்ளேயே டபிள்யூ.எஸ்.எல். போட்டு லினக்ஸ் ஓட்டிக்கொள்கிறேன், கஸ்டமர் பார்க்கிற திரையும் பக்கத்தில் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறான்.